ஊர் மாறினால் மனந்திரும்புதலாகுமா?

நம் சபைகளில் அடிக்கடி எழுவதும், எழுந்தமாத்திரத்திலேயே அமுக்கப்படுவதுமான கேள்வி ஒன்று உண்டு. பிழை செய்த போதகர் ஒருவர், அப்பிழையைச் செய்த ஊரை விட்டகன்று, வேறோர் ஊரில் உண்மையாய் ஊழியம் செய்வாராயின், அவரை மனந்திரும்பினவர் என்று கொள்ளலாமா? இக்கேள்வியை நம் மனத்தில் மீண்டும் எழுப்பியது ஒரு சினிமாப் படம். அதற்கு விடை தேடுங்கால் நமக்குத் துணைநின்றது பழவேற்காட்டு ஏரிக்கரை. இவ்விரண்டையும் பற்றிய நம் எண்ணத்தை அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

அப்படம் 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி அப்பாசல்', அஃதாவது 'அப்போஸ்தலன்' என்பது. ராபர்ட் டுவால் என்னும் புகழ்பெற்ற நடிகர் தாமே கதையெழுதி, தம் பணத்தைச் செலவிட்டு இயக்கி, தலைமைப் பாத்திரத்தையும் தாமே ஏற்று நடித்தார். டெக்சாஸ் மாகாணத்துப் பெந்தெகொஸ்தே சபையொன்றின் போதகரான சன்னி என்பவர் நாவன்மை மிக்கவர், சினமும் மிக்கவர், இல்லற ஒழுக்கத்தில் தவறினவர். அவர் மனைவி அவரை வெறுத்து, சபையின் இளைஞர் ஊழியரை நாடுகிறாள். சபையும் கைவிட்டுப் போகிறது. ஒருநாள் பந்தாட்டக் களத்தில், பலரும் பார்க்க, சன்னி அவ்வூழியரை மட்டையால் அடித்து வீழ்த்துகிறார். நினைவிழந்து கிடந்த அம்மனிதர் பின்னர் மாண்டுபோகிறார். சன்னியோ தம் காரை நீரில் தள்ளிவிட்டு, லூயிசியானாவின் சிற்றூர் ஒன்றிற்குத் தப்பிச் சென்று, தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு, 'அப்போஸ்தலன் ஈ. எஃப்.' என்று புதுப்பெயர் சூட்டிக்கொள்கிறார்.

அங்கே அவர் செய்த வேலை மெச்சத்தக்கதே. ஓய்வுபெற்ற கறுப்பினப் போதகர் ஒருவரின் துணைகொண்டு பாழ்பட்டுக் கிடந்த கோவிலைப் புதுப்பிக்கிறார். கறுப்பரும் வெள்ளையரும் அங்கு ஒருங்கே அமர்ந்து தொழுகின்றனர். அக்கோவிலை இடித்துத் தள்ள இயந்திரத்தோடு வந்த இனவெறியன் ஒருவன் அவருடைய சொற்கேட்டு மனமுடைந்து அழுகிறான். முடிவில் வானொலியில் அவர் குரலைக் கேட்ட மனைவி காவலருக்கு அறிவிக்கிறாள். காவலர் வெளியே காத்திருக்க, தம் இறுதிப் பிரசங்கத்தை முடித்துவிட்டு அவர் கைதியாகிறார். கைதிகளோடு சாலையோரத்தில் வேலைசெய்யும்போதும் அவர் பிரசங்கம் ஓய்ந்தபாடில்லை. டுவால் இவரை எத்தரென்று இகழவில்லை, புனிதரென்று புகழவுமில்லை. அதுவே படத்தின் சிறப்பு. ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகின்றது. சன்னி தாமாகத் திரும்பிச் சென்றாரல்லர். சட்டமே அவரைத் தேடி வந்தது.

இனிப் பழவேற்காட்டிற்கு வருவோம். சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிற்கும் ஆந்திரத்திற்கும் பொதுவாய்ப் பரந்து கிடக்கும் அவ்வேரி, இந்தியாவின் உப்பங்கழிகளுள் சில்காவுக்கு அடுத்த பெருமையுடையது. அதில் இறால் மிகுதியாய்க் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலுத்தவன் அவற்றைக் கைக்கொண்டால் இளைத்தவன் பட்டினி கிடக்கவேண்டும். ஆதலின் நடூர் மாதாகுப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார், 'பாடு' என்றொரு முறையை ஏற்படுத்தி, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாமென்று வகுத்துக்கொண்டுள்ளனர். இத்தகைய முறையை ஒருவன் மீறினால், அம்மீறலால் வலை வெறுமையாய்த் திரும்பியவன் முன்னிலையில் அன்றோ அவன் விடைசொல்லவேண்டும்? அவன் படகைத் தள்ளிக்கொண்டு வேறொரு கரைக்குச் சென்று, அங்கே பிறருக்கெல்லாம் மீனை வாரி வழங்கினாலும், இந்தக் கரையின் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது. சன்னியின் கதையைக் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் சொல்வோமாயின், "செத்தவன் வீட்டுக்கு அந்த ஐயா எப்போது போனார்?" என்றே அவர் முதலிற் கேட்பார் என்பது நம் துணிபு.

இதற்கு மறுப்பு எழும் என்பதை நாம் அறியாமலில்லை. "குறையுள்ள மனிதரைக் கொண்டும் கடவுள் நற்காரியம் செய்வதில்லையா? இயந்திரத்தோடு வந்தவன் மனம் மாறியது பொய்யா?" என்பர். பொய்யன்று. நான்காம் நூற்றாண்டில் வட ஆபிரிக்கத் திருச்சபையில் தோன்றிய தொனாத்தியர், துன்பக்காலத்தில் விசுவாசத்தைக் காட்டிக்கொடுத்த குருமார் நடத்திய சடங்குகள் செல்லா என்று வாதித்தனர். குருவின் தகுதியைப் பொறுத்ததன்று திருவருட்சாதனம் என்று அகுஸ்தீனார் மறுமொழி கூறினார். திருச்சபையும் அவர் பக்கமே நின்றது. ஆனால், அன்பர்களே, அம்மறுமொழி கேட்போர்க்கு அருளப்பட்ட ஆறுதல்; போதித்தவருக்கு வழங்கப்பட்ட விடுதலைப் பத்திரம் அன்று. பிழைபட்டவர் கையால் பெற்ற நன்மையை இழந்துவிட்டோமோவென்று ஏழை விசுவாசி அஞ்சவேண்டுவதில்லை. அந்த நன்மையையே சாட்சியாகக் காட்டி, "என் ஊழியம் பலித்தது, ஆதலால் என் குற்றம் கழிந்தது" என்று போதகர் சொல்வாராயின், அவர் பிறருடைய உணவைத் தம் கடனுக்கு ஈடுவைக்கிறார்.

கதையை விட்டு வரலாற்றைப் பார்ப்போம். ஜான் நியூட்டன் என்பவர் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து பின்னர்ப் போதகரானவர். 1748-இல் கடற்புயலில் சிக்கியபோது கடவுளை நாடினார். ஆயினும் அதன் பின்னும் ஆபிரிக்க மக்களை விலங்கிட்டுக் கப்பலேற்றுந் தொழிலை 1754 வரை விடவில்லை. அப்போதும் அவரைக் கரையேற்றியது உடல்நலக் குறைவே. 1764-இல் குருப்பட்டம் பெற்றார்; கீர்த்தனைகள் இயற்றினார்; புகழும் பெற்றார். தாம் கடலில் கண்டவற்றையும் செய்தவற்றையும் வெளிப்படையாய் எழுதி, அவ்வியாபாரத்தில் தமக்கிருந்த பங்கை உலகறிய ஒப்புக்கொண்டது 1788-இல்தான். பிறகு ஆங்கில அரசின் விசாரணையில் சாட்சியும் சொன்னார். 1807-இல் பிரித்தானிய அடிமை வியாபாரம் சட்டத்தால் ஒழிந்தது. அவரும் அவ்வாண்டிலேயே காலமானார். இருபத்துநான்கு ஆண்டுகள் அவருடைய பிரசங்கம் இனிமையாயிருந்தது. அடிமைகளுக்கு அதனால் வந்த பயன் சிறிதே. ஒரு சிறு நூலில் உண்மையைச் சொன்னபோது அவர் வாக்கு விலங்குகளைத் தொட்டது.

இது பழவேற்காட்டிற்குத் தொலைவான கதையென்று எண்ணவேண்டா. 1613-இல் ஒல்லாந்தர் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் இச்சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். அதற்குப் பழவேற்காடும் ஒரு துறைமுகமாயிருந்தது. அதே கோட்டையில் ஞாயிறுதோறும் ஆராதனையும் நடந்தது. ஆபிரகாம் ரொகேரியுஸ் என்னும் கற்றறிந்த குரு 1630-களில் அங்கே ஊழியஞ் செய்து, நம் நாட்டுச் சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் அச்சேறியது. ஒல்லாந்தரின் கல்லறைகளை, பெயரும் சித்திரமும் பொறிக்கப்பட்டவையாய், இன்றும் அங்கே காணலாம். கப்பலேறினவர்க்கோ ஒரு கல்லுமில்லை. அக்கரையில் நிற்கும் எவரும், ஆராதனையும் அநியாயமும் ஒரே மதிலுக்குள் நெடுங்காலம் அமைதியாய்க் குடியிருக்கக்கூடும் என்பதை மறத்தல் அரிது.

மீனவர் ஒருவரே இதற்கு நல்வழி காட்டியிருக்கிறார். பேதுரு தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். அவர் மீண்டும் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டது அயலார் நடுவிலன்று; பழைய ஏரிக்கரையில், பழைய தோழர் சிலர் முன்னிலையில், மறுதலித்தவரிடத்திலேயே மும்முறை விடைசொல்லிய பின்னர்தான். மந்தை அவர் கையில் ஒப்புவிக்கப்பட்டதும் அவ்விடத்திலேயே. சகேயுவும் தான் அநியாயமாய் வாங்கியதை வாங்கினவர்க்கே நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். வேறு ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை.

ஆகவே நம் கருத்து இது. விழுந்தவருக்கு மன்னிப்பு இல்லையென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மன்னிப்பு வேறு, பிரசங்க பீடம் வேறு. தம்மால் கெடுக்கப்பட்டவரின் வாசலுக்குச் சென்று தலைகுனிந்து நின்ற பின்னரே ஒருவர் பிறர்முன் தலைநிமிர்ந்து நிற்கலாம். அவர் மன்னிப்பாரோ மாட்டாரோ, அது அவர் உரிமை. பிழைபட்டவரை இரவோடிரவாய் வேறு சேகரத்துக்கு மாற்றியனுப்பும் தலைவர்களும், குரல் இனிமையாயிருக்கிறதென்று முன்வரலாறு கேளாமல் வரவேற்கும் சபைகளும் அப்பிழையில் பங்காளிகளே. மாற்றல் ஆணை எந்தக் குப்பத்துக்கு எழுதப்படுகிறதோ, அங்குள்ள பெண்களும் பிள்ளைகளுமன்றோ அதன் விலையைக் கொடுக்கவேண்டியிருக்கும்?

இக்கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருள் சிலர் போதகராவர். பலர் ஆசிரியராயும் மருத்துவராயும் அதிகாரிகளாயும் இருப்பர். சொல்வன்மை எல்லோர்க்கும் ஓரளவு வாய்க்கும்; பிழையும் எல்லோர்க்கும் நேரும். அந்நாளில் புதுப்பெயரும் புதுவூரும் நம்மை நயந்து அழைக்கும். அவ்வழைப்புக்கு இணங்குமுன், வலை வெறுமையாய்த் திரும்பிய அயலான் பழைய கரையில் இன்னும் காத்திருக்கிறான் என்பதை நினைவோமாக.