விளைநிலத்தடி எரிவாயுக் குழாய்களும் மேற்பார்வையின் கடமையும்

பயிரின் இலையில் தோன்றும் நோயைக் கண்டறிவது எளிது. வேரில் பற்றிய நோயைக் கண்டறிவது அரிது. இலை வெளுத்து, தண்டு சாய்ந்த பின்னரே வேரின் கேடு வெளிப்படும். அதற்குள் பரிகாரம் செய்யும் காலம் கடந்துவிடுவதும் உண்டு. விளைநிலங்களின் அடியில் பதிக்கப்பட்டுள்ள இயற்கை எரிவாயுக் குழாய்களின் நிலைமையும் இத்தகையதே. இந்தியாவில் இன்று 20,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு இப்பெருங்குழாய்கள் அமைந்திருக்கின்றன. அவற்றுள் பல, நஞ்சை, புஞ்சை, தோப்பு என்னும் பேதமின்றி ரயத்துகளின் பட்டா நிலங்களினூடே செல்கின்றன. காவிரி டெல்டாவிலும் நரிமணம், குத்தாலம் முதலிய வட்டாரங்களில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படுவதால், இவ்விஷயம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் அந்நியமானதன்று. ஆகையால் இக்குழாய்கள் எவ்வாறு பழுதுபடுகின்றன, அவற்றை மேற்பார்வையிடும் கடமை எவருடையது, அக்கடமை எங்கே குறைவுபடுகிறது என்பவற்றை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் கொள்வதும் விடுப்பதும்

1962-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட பெட்ரோலியம், கனிமக் குழாய்களுக்கான நில உபயோக உரிமைச் சட்டத்தின்படி, குழாய் செல்லும் நிலம் சர்க்காரால் கிரயத்துக்கு வாங்கப்படுவதில்லை. நிலத்தின் சொந்தம் பட்டாதாரரிடமே இருக்கிறது. அடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் உபயோக உரிமை மாத்திரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உரிமைக்காகக் கொடுக்கப்படும் தொகை, அறிவிப்புத் தேதியில் நிலத்துக்கிருந்த சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து வீதம். பயிர், மரம் முதலியவற்றுக்கு நேரும் சேதத்துக்கு நஷ்டஈடு தனி. அத்தொகை போதாதென்று கருதுவோர் ஜில்லா நீதிபதியை நாடலாம்.

அதன் பின்னர் அந்நிலப்பட்டையில் முன்போல உழுது பயிரிடத் தடையில்லை. ஆனால் கட்டடம் எழுப்பவோ, கிணறு, குளம் தோண்டவோ, மரம் நடவோ கூடாது. ஆகவே, நூற்றுக்குப் பத்தைப் பெற்றுக்கொண்ட விவசாயி, தன் சந்ததிக்கும் தொடரும் ஒரு கட்டுப்பாட்டையும், அதனோடு ஓர் அபாயத்தையும் ஏற்றுக்கொள்கிறார். இவ்வளவையும் ஏற்றவருக்கு, அடியிலுள்ள குழாய் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை அறியும் பாத்தியதை இருக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே.

குழாய் பழுதுபடும் விதம்

இரும்புக் குழாய்க்குப் பிரதான சத்துருக்கள் மூன்று. முதலாவது வெளித்துரு: ஈர மண் குழாயின் மேற்பூச்சு பெயர்ந்த இடத்தில் இரும்பைத் தின்னும். இதைத் தடுப்பதற்காகக் குழாய்க்குச் சிறிதளவு மின்னோட்டம் இடைவிடாமல் செலுத்தப்படுகிறது. வயலோரங்களில் காணப்படும் பரிசோதனைக் கம்பங்கள் அம்மின்காப்பை அளந்தறிவதற்காக நடப்பட்டவை. இரண்டாவது உள்துரு. கிணற்றிலிருந்து வரும் வாயுவுடன் நீரும் கரியமில வாயுவும் கலந்திருக்குமாயின், அவை சேர்ந்து ஒருவகை அமிலமாகிக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். வாய்க்காலில் வண்டல் பள்ளமான இடத்திலேயே படிவதுபோல, குழாயிலும் நீர் தாழ்வான இடத்திலேயே தேங்குகிறது. அரிப்பும் அங்கேயே மிகுகிறது. மூன்றாவது மனிதர்களால் நேரும் சேதம்: மண்வெட்டும் யந்திரம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் யந்திரம் ஆகியவற்றின் அடி.

இவற்றைக் கண்டறிய மூன்று வழிகள் உள. குழாயினுள் கருவியொன்றைச் செலுத்தி, இரும்பின் கனம் எங்கே குறைந்திருக்கிறதென அளப்பது ஒன்று. குழாயில் நீரை நிரப்பி, வழக்கத்திற்கு மிஞ்சிய அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது மற்றொன்று. சந்தேகமான இடங்களைத் தேர்ந்து தோண்டி நேரே பார்ப்பது மூன்றாவது. குறித்த காலத்துக்கொருமுறை இவற்றைச் செய்து, கண்ட பழுதுகளை அபாயத்தின் அளவுக்கேற்ப வரிசைப்படுத்திச் செப்பனிடுவதையே குழாயின் உறுதிப் பராமரிப்பு முறை என்பர்.

நகரம் கிராமத்தின் பாடம்

ஆந்திராவில் முன்பு கிழக்குக் கோதாவரி ஜில்லாவிலும், 2022 முதல் கோனசீமா ஜில்லாவிலும் அடங்கியது நகரம் என்னும் கிராமம். தென்னந்தோப்பு மிகுந்த அவ்வூரினூடே கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் சென்றது. 2014-ஆம் வருஷம் ஜூன் மாதம் 27-ஆம் தேதி விடியற்காலையில் அதிலிருந்து கசிந்த வாயு தீப்பற்றியது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. தென்னைகள் கரிந்து நின்றன. உலர்ந்த வாயுவுக்கென ஏற்பட்ட குழாயில் நீரும் பிற திரவங்களும் கலந்த வாயு சென்றதென்றும், குழாய் அரிக்கப்பட்டதே கசிவுக்குக் காரணமென்றும் மத்திய சர்க்கார் நியமித்த விசாரணையில் தெரியவந்தது. கசிவைப்பற்றி ஊரார் முன்னரே முறையிட்டிருந்தனர் என்பதும் அக்காலத்துப் பத்திரிகைகளில் வெளிவந்தது.

இதில் ஆழ்ந்து கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. குழாய்களின் உறுதிப் பராமரிப்புக்கான விதிகளை அவ்வாரியம் 2012-லேயே வெளியிட்டுவிட்டது. விதி பிறந்த பின்னரே நகரம் எரிந்தது. விதி இல்லாமையால் அக்கேடு நேர்ந்ததென்று சொல்ல இடமில்லை. ஏட்டிலிருந்த விதிக்கும் மண்ணிலிருந்த குழாய்க்கும் இடையே இருந்த தூரமே அங்கு உயிர்களைக் கொண்டது.

அமெரிக்க தேசத்து அனுபவம்

செல்வத்திலும் யந்திரக்கலையிலும் முன்னேறிய அமெரிக்காவிலும் இக்குறையே காணப்பட்டது. நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் கார்ல்ஸ்பாட் என்னும் ஊருக்கருகே, 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ஆம் தேதி, 30 அங்குலக் குழாய் ஒன்று வெடித்து, ஆற்றங்கரையில் தங்கியிருந்த 12 பேர் மாண்டனர். அங்கும் காரணம் உள்துருவே. திரவத்தைப் பிரித்து வாங்குவதற்கென அமைந்த பகுதி ஓரளவு அடைபட்டிருந்தமையால், திரவம் அதைக் கடந்து சென்று தேங்கி அரித்தது. விபத்துக்கு முன் சர்க்கார் பரிசோதகர்கள் அந்நிறுவனத்தைப் பார்வையிட்டிருந்தும் குறையைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு காரணமாகவே எழுதிற்று. 2002-ல் அங்கே புதிய சட்டம் இயற்றப்பட்டு, ஜனநெருக்கமுள்ள இடங்களிலுள்ள குழாய்களை ஏழு வருஷத்துக்கொருமுறை மறுபரிசோதனை செய்யவேண்டும் என்ற நியதி ஏற்பட்டது.

அதன் பின்னும், 2010 செப்டம்பர் 9-ஆம் தேதி கலிபோர்னியாவிலுள்ள ஸான் புருனோ நகரில் மற்றொரு குழாய் வெடித்து 8 பேர் உயிரிழந்தனர்; 38 வீடுகள் அழிந்தன. 1956-ல் பதித்த அக்குழாய் மூட்டில்லாத ஒரே வார்ப்பென நிறுவனத்தின் பதிவேடு கூறிற்று. தோண்டி எடுத்துப் பார்த்தபோதோ, குறைபட்ட பற்றுவைப்புடன் துண்டு துண்டாய் இணைத்த குழாயாக அது இருந்தது. பழைய குழாய்களுக்கு நீரழுத்தப் பரீக்ஷை வேண்டாமென்று விதியே விலக்களித்திருந்தது. வாயுவை நிறுத்த 95 நிமிஷங்கள் சென்றன. நிறுவனத்தின் பராமரிப்பு முறையிலிருந்த குறைகளை மாகாண ஒழுங்குமுறைக் கமிஷன் கண்டுகொள்ளாமையும் இவ்விபத்துக்கு உதவியதாக விசாரணையில் கூறப்பட்டது. அடங்கலில் நெல் என்று எழுதியிருப்பதை நம்பி, வயலுக்குச் சென்று பாராமலே கையெழுத்திடும் அதிகாரியின் செய்கைக்கும் இதற்கும் அதிக பேதமில்லை.

செய்யத்தக்கவை

இந்திய விதிகளின்படி நிறுவனமே தன் குழாயைப் பரிசோதித்து, தானே தணிக்கையும் செய்துகொள்கிறது. அதற்கு மேல், வாரியம் ஒப்புக்கொண்ட மூன்றாம் தரப்பாரின் தணிக்கையும் உண்டு. நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள குழாயை அதன் சொந்தக்காரரைத் தவிர வேறெவரும் தினந்தோறும் கவனித்தல் இயலாதாகையால், இந்த ஏற்பாட்டை முற்றிலும் தவறென்று தள்ளிவிடலாகாது. ஆனால் அறிக்கையைப் பெற்றுக் கோப்பில் சேர்ப்பதோடு மேற்பார்வை முடிந்துவிடுமாயின் அது மேற்பார்வையாகாது. பின்வரும் நான்கும் கண்டிப்பாய் நடைபெறவேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு குழாயும் எவ்வகை வாயுவுக்கென அமைக்கப்பட்டது, இன்று எவ்வகை வாயு அதில் செல்கிறது என்பவற்றை வாரியம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பொருந்தாவிடில், பொருந்தும்வரையில் குழாயை நிறுத்திவைக்க வேண்டும்.

இரண்டாவது, வாரியத்தின் பரிசோதகர்கள் முன்னறிவிப்பின்றி வந்து, தாங்களே தேர்ந்தெடுத்த சில இடங்களில் தோண்டச் செய்து, அறிக்கையில் கண்ட இரும்பின் கனமும் மண்ணில் உள்ள கனமும் ஒத்திருக்கின்றனவா என்று சோதிக்கவேண்டும். ஊர்ஜிதமாகாத பழைய பதிவேட்டை ஆதாரமாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, குழாய் செல்லும் ஒவ்வொரு கிராமத்துக்கும் வருஷந்தோறும் ஒரு பக்கச் சுருக்கம் அவ்விடத்துப் பாஷையிலேயே எழுதப்பட்டு, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, கிராம சபையில் படிக்கப்படவேண்டும். கடைசிப் பரிசோதனையின் தேதி, கையாண்ட முறை, கண்ட பழுது, செப்பனிட்ட பழுது, அடுத்த பரிசோதனையின் தேதி ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும்.

நான்காவது, கசிவைப்பற்றிய முறையீடு ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறி, அதன் பிரதி வாரியத்துக்கும் செல்லவேண்டும். அழுத்தத்தைக் குறைத்துவைத்துச் சோதித்த பின்னரே முறையீடு தீர்ந்ததென எழுதவேண்டும்.

இத்தகைய செய்திகளை ஊராருக்கு வெளியிட்டால் வீண் பீதி உண்டாகுமென்றும், துஷ்டர்களுக்கு இடமளித்ததாகுமென்றும் சிலர் ஆட்சேபிக்கலாம். துஷ்டருக்குப் பயன்படத்தக்க நுட்ப விவரங்களை விலக்கிவிடுவதில் யாதொரு கஷ்டமும் இல்லை. பீதியைப்பற்றியோ எனில், அணையின் நீர்மட்டம் தினந்தோறும் வெளியிடப்படுகிறது. அதைப் படித்து எவரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை. நீர்மட்டம் தெரியாத இரவிலேதான் கரையோரத்தார் உறக்கமின்றி இருப்பர். செலவு அதிகமென்பாருக்கு நகரம் கிராமமே விடை சொல்லும்.

ரயத்துகளும் கிராம அதிகாரிகளும் கவனிக்கவேண்டியவை

பிறர் கடமையை வற்புறுத்துவோர் தம் கடமையிலும் தவறலாகாது. குழாய்ப்பட்டையில் மரம் நடுதலும், கொட்டகை எழுப்புதலும், குறிக்கல்லைப் பிடுங்கி வரப்பில் போடுதலும் தமக்கும் அண்டை வீட்டாருக்கும் செய்யும் தீங்கே. வேர் குழாயின் மேற்பூச்சைக் கெடுக்கும். கல் இல்லாவிடில் மண்வெட்டும் யந்திரத்துக்கு வழிதெரியாது. நிலத்தை விற்கும்போது குழாய் இருப்பதை வாங்குவோருக்குச் சொல்லவேண்டும். கிணறு வெட்டவோ, மண் எடுக்கவோ எண்ணுவோர் நிறுவனத்தாரை முன்னதாக அழைத்துக் குழாயின் இடத்தை அடையாளமிடச் செய்தல் வேண்டும்.

இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. ஆகையால் மூக்கை மாத்திரம் நம்பலாகாது. பச்சை வயலின் நடுவே காரணமின்றி ஒரு திட்டு பழுத்து வாடுதல், தேங்கிய நீரில் இடைவிடாது குமிழி எழுதல், மண்ணிலிருந்து சீறும் ஓசை, புழுதி தானே மேலெழுதல், பெட்ரோலைப் போன்ற வாடை ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், காற்று வரும் திசையை நோக்கி விலகிச் செல்லவேண்டும். பம்புசெட், டிராக்டர் முதலியவற்றை இயக்குதலும், பீடி, அடுப்பு பற்றவைத்தலும், மின்விசையைப் போடுதலும் கூடாது. தொலைவிற்குச் சென்றபின் குறிக்கல்லில் உள்ள எண்ணுக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும், கிராம நிர்வாக அதிகாரிக்கும் தெரிவித்து, தெரிவித்த நேரத்தைக் குறித்துவைக்கவேண்டும். கிராம அதிகாரிகள் குழாய் செல்லும் சர்வே எண்களையும், அருகிலுள்ள அடைப்பு வால்வின் இடத்தையும், நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணையும் ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தல் நலம்.

ஏரிக்கரையைக் காப்பதற்கு ஊருக்கு ஊர் முறைவைத்து ஆட்களை ஏற்படுத்தியிருந்த நாடு இது. கரையின் உறுதி அதனடியில் பயிரிடுவோர் அனைவருக்கும் பொதுக்காரியம் என்ற அறிவே அவ்வழக்கத்துக்கு ஆதாரம். மண்ணுக்கடியில் செல்லும் இக்குழாயும் அத்தகைய கரையே. நிறுவனம் அதைப் பேணவேண்டும். வாரியம் அதைத் தோண்டிப் பார்க்கவேண்டும். பார்த்ததை ஊருக்குச் சொல்லவேண்டும். இம்மூன்றும் நடைபெறும்வரையில், தம் ஊர்க் குழாய் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட தேதி யாது என்று ஒவ்வொரு கிராம சபையும் தீர்மானம் எழுதிக் கேட்பதே விவசாயிகள் உடனடியாகச் செய்யத்தக்க காரியமாகும்.