கோடாங்கி எந்தக் காலேஜில் படித்தான்?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பெண் “நான் மனோதத்துவம் படிக்கிறேன்” என்று சொல்லட்டும். “பைத்தியக்காரப் படிப்பு எதற்கு? வயிறு நிறையுமா?” என்று வீடே திரண்டு கேட்கும். அப்படிக் கேட்கும் மகாகனம் பொருந்திய தகப்பனார்தான் அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் பஸ் ஏறுகிறவர்; தங்கைக்குப் பேய் பிடித்ததென்று கோடாங்கிக்கு மடியை அவிழ்த்தவர். அந்தக் கோடாங்கி எந்தப் பரீட்சையில் தேறினான் என்று என்றைக்காவது விசாரித்ததுண்டா என்று நாம் கேட்கின்றோம்.

சென்னைச் சர்வகலாசாலை 1943-லேயே இதற்கென்று ஓர் இலாகா வைத்தது. படித்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், சிறையில், தொழிற்சாலையில் உத்தியோகம் உண்டு. ஆனால் பி.எஸ்ஸி. முடித்தவுடன் சிகிச்சை செய்துவிட முடியாது. மேற்படிப்பும் பயிற்சியும் முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். மருந்து எழுதுவதோ டாக்டர் வேலை. பேய் ஓட்டுவதற்கு மாத்திரம் பதிவும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், வேப்பிலை போதும்!

பலன் என்ன? ஏர்வாடி தர்காவை நம்பிக் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் இருந்த தனியார் விடுதியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். (கோவிலானாலும் தர்காவானாலும் சங்கிலி இரும்புதான்.) 2017-ம் வருஷத்துச் சட்டம் சங்கிலியைத் தடுத்தது. அதற்குப் பின்னும், 2023 பிப்ரவரியில், நம் விழுப்புரம் ஜில்லா குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது.

தகப்பன்மார்களே! பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்குக் காசில்லை என்கிறீர்களே, கோடாங்கிக்குக் கொடுத்தது யார் வீட்டுப் பணம்?