தொட்டிக்குள் ஒரு விரால்



இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் பணிபுரியும் என் மைத்துனரின் வாடகை வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதில் சிவந்த உடலும் கருங்கோடுகளுமாக வெளிநாட்டு விரால் குஞ்சு ஒன்று. கொளத்தூரில் வாங்கியதாம். அஸர் தொழுதுவிட்டுத் திரும்பியதும், "மாமா, தீனி போடப் போறோம், வாங்க" என்று பிள்ளைகள் அழைத்தார்கள். உயிருள்ள கப்பி மீன்கள் பத்துப் பன்னிரண்டு தொட்டியில் கொட்டப்பட்டன. அவை மூலைக்கு மூலை ஓடியதையும், விரால் அவற்றை விழுங்கியதையும் கைதட்டிக் கைபேசியில் படம்பிடித்தார்கள்.

மீன் வளர்ப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அபூஉமைர் என்னும் சிறுவர் வளர்த்த சிறு பறவையைப் பற்றிக் கனிவுடன் விசாரித்தவர் நபி (ஸல்) அவர்கள். ஆனால், பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையும் அதே புகாரியில்தான் பதிவாகியுள்ளது.

விராலை அடைத்துவைப்பவரின் பொறுப்பு சிறிதன்று. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் அது காற்றையும் சுவாசிக்கிறது. நீர்மட்டத்துக்கு மேல் காற்று இல்லாதபடி தொட்டியை நிரப்பி மூடினால், வளர்ந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். மூடாமல் விட்டாலோ வெளியே துள்ளி விழும். மைத்துனர் வாங்கியிருக்கும் இனம் ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில்! விற்றவர் அதைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஏரியில் அது வேட்டையாடுவது அல்லாஹ் அதற்கு அமைத்த வாழ்வு. தப்ப வழியில்லாத இரையைப் போட்டு நாம் வேடிக்கை பார்ப்பது வேறு. விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதைத் தடுக்கும் அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சும் உண்டு. அது இதற்குப் பொருந்துமா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். அந்தக் கைதட்டலை என் மனம் ஏற்கவில்லை.

"பெரிசானா செம்பரம்பாக்கம் ஏரியில விட்டுடலாம் மச்சான்" என்றார் அவர். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி அது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர் குளத்தில் விட்ட இரண்டு விரால்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. 2002இல் அரசே அக்குளத்தில் நஞ்சிட்டு, இருந்த மீன்களையெல்லாம் கொல்ல வேண்டியதாயிற்று.

கடைக்காரர் எடுத்துக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இப்போது சொல்கிறார். அதுவரை தீனி இறால் துண்டுகள்தாம். முதல் இரண்டு நாள் அது தொடவேயில்லையாம். மூன்றாம் நாள் இளையவள் இடுக்கியில் நீட்டியதை வந்து கவ்வியதாம்.