மாத்திரைக்கு ஏது முழுப்பரீட்சை லீவு?

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் யூனிஃபார்மும் ஷூவும் புத்தகப் பையும் பரணுக்குப் போய்விடும். சில வீடுகளில் இன்னொன்றும் கூடவே போகும்... பிள்ளையின் மாத்திரை அட்டை! "ஸ்கூலே இல்ல, பின்ன எதுக்கு மருந்து? ரெண்டு மாசம் உடம்பு சும்மா கிடக்கட்டும்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. டாக்டரிடம் கேட்பது கிடையாது. கேட்டால் திட்டுவாரே!

சரி, ஒரு சந்தேகம். ரிட்டயர் ஆன பாட்டா, "இனி ஆபீஸ் இல்லியே" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தினாரா? அவருக்கு ஒரு நாள் மாத்திரை தவறினால் வீடே பதறுகிறது. பிள்ளையின் மாத்திரை மட்டும் ஏன் பள்ளிக்கூட மணியைப் பார்த்து ஓடவேண்டும்? காரணம் ரொம்ப எளிது. அந்த மாத்திரையைப் பிள்ளைக்காக வாங்கவில்லை, மார்க்குக்காக வாங்கினார்கள். மார்க் இல்லாத மாதத்தில் அது தண்டச் செலவு.

கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைக்கு (ஏ.டி.எச்.டி. என்கிறார்களே, அதுதான்) தொல்லை வகுப்பறையில் மட்டுமா? ஆற்றில் குளிக்கும்போது ஆழம் பார்க்காமல் பாய்வதும், நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரோட்டில் இருபக்கமும் பார்க்காமல் சைக்கிளை விடுவதும் லீவில்தான். விளையாட்டில் தன் முறை வரும்வரை பொறுக்க முடியாமல் சண்டை போட்டு, "சேட்டைக்காரப் பயல்" என்று அடி வாங்குவதும் லீவில்தான். பாடப் புத்தகம் மூடியதும் மூளையும் மாறிவிடுமா என்ன?

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். மருந்துக்கு இடைவெளி விடுவது முழுக்க மூடத்தனம் அல்ல. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் சில மணி நேரமே வேலை செய்யும் மருந்து. பசியைக் குறைக்கும், சில பிள்ளைகளுக்கு வளர்த்தியையும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். அதனால்தான் 2018-ல் வெளியான பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டி, மருந்தால் உயரம் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டால் பள்ளி விடுமுறையில் திட்டமிட்ட இடைவெளி விடுவதை யோசிக்கலாம் என்கிறது. இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'திட்டமிட்ட'. உயரமும் எடையும் அளந்து, டாக்டர் சொல்லி, மறுபடி பார்க்கத் தேதி குறித்து விடுவதுதான் இடைவெளி. டப்பாவைப் பரணில் எறிவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

அதுவும் எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. அதே நோய்க்கே கொடுக்கும் அட்டோமாக்ஸெட்டின் பலன் காட்டவே வாரக்கணக்கில் ஆகும். நிறுத்தித் தொடங்கினால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். குளோனிடினைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறலாம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம்; நோயும் திரும்பலாம். வலிப்பு உள்ள பிள்ளைக்கு வால்ப்ரோயேட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லவேண்டுமா? அட்டையைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்லத் தெரியாதவர்கள், எதை நிறுத்தலாம் என்று முடிவெடுக்கிறார்கள்!

கொடுமை ஜூனில்தான் தெரியும். பள்ளி திறக்கிறது, டீச்சர் புகார் சொல்கிறார், பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். லீவில் நிறுத்தியதை மட்டும் சொல்வதில்லை. மருந்து சாப்பிட்டும் பலனில்லை என்று நினைக்கும் டாக்டர் அளவைக் கூட்டக்கூடும். பெரியவர்கள் மறைத்த கணக்கின் பற்று பிள்ளையின் உடம்பில் ஏறுகிறது.

ஏன் இந்த மறைப்பு? விருந்துக்குப் போன வீட்டில் மாமிமார் பார்த்துவிடுவார்களாம். அயனிச்சக்கையும் மாம்பழமும் தின்ன வந்த பிள்ளை மாத்திரை தின்றால், "தலைக்கு எதாவது கொளறா?" என்று கேட்பார்களாம். கேட்கட்டுமே! 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் கன்னியாகுமரி. அவ்வளவு படித்தும் ஒரு மாத்திரை அட்டையைக் கண்டு வெட்கம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை உண்டு. நாற்பது பேர் வகுப்பில் சராசரியாக மூன்று பேர். கேள்வி கேட்கும் மாமி வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

பழியெல்லாம் பெற்றோருக்கு மட்டும் அல்ல. ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி நீட்டும் டாக்டருக்கும் பங்குண்டு. சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்வது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. ஆகவே ஏப்ரலிலேயே கேளுங்கள்: லீவில் இது தொடரணுமா? ஒரு வேளை மறந்தால் என்ன செய்ய? நிறுத்துவதென்றால் எப்படிக் குறைக்க? திரும்ப எப்போது வர? பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மாத்திரை இறங்குவது அதன் தொண்டையில்தானே.

இருப்பையும் பார்க்கவேண்டும். மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. எல்லா மெடிக்கலிலும் இருக்காது, சீட்டு இல்லாமல் தரவும் கூடாது. ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்தால் அலைச்சல்தான். அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் லீவுக்குத் துபாய் போவது இங்கே சகஜம். இந்த மாதிரி மருந்தை அங்கே கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். ஊறுகாய் பாட்டிலுக்கு நாலு கவர் சுற்றும் வீட்டில் டாக்டர் சீட்டுக்கு ஒரு கவர் இருக்காதா?

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரமோ, பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான். அதுவும் முடியாவிட்டால் 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் இருக்கிறது. 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இவ்வளவு இருந்தும் டாக்டரைக் கேட்காமல் டப்பாவைப் பரணில் போடுகிறவர்கள், பிள்ளைக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று மட்டும் சொல்லவேண்டாம். ஓய்வு எடுப்பது அவர்கள் பொறுப்புதான்.