கொடைக்கானல் டூரும் ஒரு 12 போர் துப்பாக்கியும்



இந்த வருஷக் கொடைக்கானல் டூரில் ஒரு நாள் 'கிளே ஷூட்டிங்' வைக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நானும்தான் தட்டினேன். 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் வந்து சுட்டதிலிருந்தே நம்ம பசங்களுக்கு இந்த ஆசை உண்டு. ஆனால், "கீழ்மலையில தெரிஞ்சவர் காபி எஸ்டேட் இருக்கு, அவர்கிட்ட லைசென்ஸ் உள்ள 12 போர் இருக்கு, ஆளுக்குப் பத்து ரவுண்டு சுடலாம்" என்று ஒரு நண்பர் சொன்னாரே, அங்கேதான் எனக்கு இடித்தது.

லைசென்ஸ் யாருடையது? எஸ்டேட்காரருடையது. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி 21 வயது முடியாதவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. நம்மில் பாதிப் பேருக்கு 18 கூட முடியவில்லை. பயிற்சி என்றால் அதற்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் அது அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில், பயிற்சியாளர் கண் முன்னால். எஸ்டேட்டில் ஒருவர் துப்பாக்கியை முப்பது பேர் மாற்றி மாற்றிச் சுடுவது பயிற்சி ஆகாது, கேஸ் ஆகும். டிப்ளமோ முடித்து வேலைக்கு எழுதிப் போடுகிற நமக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக் கொடுத்த அந்தப் பெரியவர் லைசென்ஸும் போகலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. டிராப் போட்டித் தோட்டா ஒன்றில் 24 கிராம் ஈயக்குண்டு. முப்பது பேர், ஆளுக்குப் பத்து என்றால் 300 தோட்டா. 7.2 கிலோ ஈயம்! தட்டு பறக்கப் பறக்கச் சுடுவதால் குண்டு இருநூறு மீட்டர் தாண்டியும் போய் விழும். கீழே காபிச் செடிக்குள் யார் பழம் பறிக்கிறார்கள் என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. தட்டுக்குப் பெயர்தான் களிமண், உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளையும் தாரையும் சேர்த்து அச்சில் வார்த்தது. தெர்மாமீட்டர் கம்பெனியை 2001-ல் மூடிய பிறகும் பாதரசப் பேச்சு கொடைக்கானலை விட்டுப் போகவில்லை. அந்த மலைத் தண்ணிதான் வரதமாநதிக்கும் பாலாறு பொருந்தலாறுக்கும் இறங்குகிறது. பழனிக்காரர்கள் யோசிக்கட்டும்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை! டூரோடு சேர்க்காமல் தனி நாளாக வைப்போம். திருச்சி, மதுரை, கோவை கிளப்புகளுக்கு முதல்வர் கையெழுத்தோடு கடிதம் போட்டு, டிராப் வசதி எங்கே உண்டு, வெளி மாணவர்களை எடுப்பார்களா என்று முதலில் கேட்போம். பல இடங்களில் ரைபிளும் பிஸ்டலும் மட்டுமே இருக்கும். முப்பது பேர் போனால் ஐந்து ஐந்து பேராகத்தான் கோட்டுக்கு வர வேண்டும், மற்றவர்கள் பின்னால். காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. சுடாத நேரத்தில் துப்பாக்கி மடித்தே இருக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. ஒலிம்பிக் டிராப்பில் 15 மீட்டர் முன்னால் உள்ள குழியிலிருந்து தட்டு எந்தப் பக்கம் கிளம்பும் என்று தெரியாது, 76 மீட்டர் பறக்கும். புதுசா வர்றவனுக்கு அது வேண்டாம். நேரே எதிரே போகும் தட்டை மெதுவாக விடச் சொல்லிக் கேட்கலாம். ஒன்றாவது உடைத்தால்தான் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போவான்.

கண் விஷயத்தையும் இங்கேயே முடித்துக்கொண்டு போகலாம். முதல் வருஷ டூரில் ஏரிக்கரை பலூன் கடையில் பத்துக்கு ஒன்பது தவறவிட்டேன். துப்பாக்கி கோணல் என்று சண்டைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சிரித்தார். "துப்பாக்கி கோணல் இல்ல தம்பி, உன் கண்ணுதான் மாத்திப் பாக்குது" என்றார். கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடினாலும் மரம் தெரிந்தது, இடதை மூடினால் மறைந்தது. வலது கைக்காரனான எனக்கு இடது கண்தான் எஜமான்! இதை ஹாஸ்டல் வராந்தாவிலேயே எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு கட்டைத் துப்பாக்கி செய்து, ஐஸ்கிரீம் டப்பா மூடியை ஒருவன் வீச மற்றவன் குறி ஓட்டிப் பழகினால் தோட்டாச் செலவு பாதி மிச்சம்.

கூட்டத்தில், "கேர்ள்ஸ் வேடிக்கை பார்க்கட்டும்" என்று ஒரு குரல் வந்தது. 2024 பாரிஸில் துப்பாக்கியால் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் யார் என்று அந்த நண்பர் விசாரித்துக்கொள்ளவும்.

அதே பாரிஸில் ஆண்கள் டிராப்பில் நின்றவர் நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான். 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அணியோடு தங்கமும் வாங்கியவர். ராஜ குடும்பம், நமக்கு எட்டாது என்று சிலர் சொல்வார்கள். செலவு அதிகம் என்பது உண்மைதான். அதனால்தான் ஆளுக்குப் பத்து வேண்டாம், ஐந்து தோட்டா போதும் என்கிறேன்.

டூர் கமிட்டி அடுத்து கூடும்போது எழுந்து நின்று இதையே சொல்லப் போகிறேன். கை தூக்க இரண்டு பேராவது வேண்டும்.