கடைசி விசிலுக்குப் பின்



கால்பந்தாட்டத்தின் மீது எனக்குள்ள பற்று, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படித்து வரும் உங்களுக்குப் புதிய செய்தியன்று. கலைக் கல்லூரியில் பயின்ற நாட்களில் தடுப்பாட்டக்காரனாக நின்று முழங்கால்களைத் தேய்த்துக் கொண்டவன் நான். இன்று மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து முடித்ததும், எங்கேனும் பந்து உருள்கிறதா என்று தேடிச் சென்று கோட்டின் ஓரத்தில் நிற்பவன். அப்படி நின்ற ஒரு மாலையில் நான் செய்த பிழையொன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ளவே இம்மாதம் எழுதுகிறேன்.

கடந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரு கல்லூரி மைதானம். மதிற்சுவருக்கு அப்பால் ஒரகடம் சாலையில், புதிய கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள் புழுதியைக் கிளப்பிச் சென்று கொண்டிருந்தன. ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டதால் கல்லூரிக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம் அதுவே. ஒரு கோல் பின்தங்கியிருந்த அணிக்கு, ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களே இருந்தபோது பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவன், சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. கூட்டம் ஏசியது. ஏசியவர்களுள் நானும் ஒருவன். "பெனால்டியைக்கூடப் போடத் தெரியாதவனை யார் அனுப்பியது?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில் என்னைக் கண்டு ஸலாம் சொன்னான். "ஹஜ்ரத், உங்கள் குரல் நன்றாகக் கேட்டது" என்றான் சிரித்துக்கொண்டே. எனக்குத் தேநீர் இறங்கவில்லை. "போகட்டும் தம்பி, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். "அடுத்த ஆண்டு ஏது ஹஜ்ரத்? எனக்கு இது இறுதியாண்டு. தேர்வு முடிந்ததும் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளனாகச் சேரப் போகிறேன். மூன்று ஷிப்டு வேலை. பூட்ஸைக்கூட இரண்டாமாண்டுத் தம்பி ஒருவனிடம் கொடுத்துவிட்டேன்" என்றான்.

வாசகர்களே! பருவம் முடிந்தால் ரசிகன் என்ன பேசுகிறான்? யார் கோப்பை வென்றார், நடுவர் எங்கே தவறினார், அடுத்த ஆண்டு அணி எப்படி அமையும் என்றே பேசுகிறான். ஆட்டக்காரனுக்கு அடுத்த ஆண்டு உண்டா என்று நாம் கேட்பதேயில்லை. கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோருக்குப் பருவத்தின் கடைசி விசில், பந்தோடு கொண்ட உறவுக்கே கடைசி விசிலாகி விடுகிறதே! பத்து ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் பயின்ற வித்தை, இருபத்தொரு வயதில் மூட்டை கட்டப்படுவது முறைதானா?

திறமையிருந்தால் மேலே வரலாமே என்பீர்கள். வந்தவர்களின் கதையையும் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். ஐ-லீக் பருவத்தின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் நின்றது. எதிரே முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாப். தொடக்கத்திலேயே சென்னை சிட்டி ஒரு கோல் வாங்கியது. இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைக்க, அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்சி அதைக் கோலாக்கிச் சமன் செய்தார். பின்னர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். அதே வேளையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. முடிவில் 43 புள்ளிகளுக்கு 42. தமிழகத்துக் கழகம் ஒன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. அணியை நடத்தியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ். தமிழக இளைஞர் பலர் அவ்வணியில் ஆடினர். அன்றிரவு நான் அடைந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

அந்த அணி இப்போது எங்கே? 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக் போட்டிகளில் அதன் பெயரே இல்லை. வாகை சூடிய இரண்டே ஆண்டுகளில் இந்நிலை! கோப்பை வெல்வதற்குப் பதினொருவரின் கால்கள் போதும். நிலைத்து நிற்பதற்கு நிறுவனம் ஒன்றின் தோள் வேண்டும் என்பதே அன்று முதல் என் கருத்து.

அந்தத் தோள் ஒரு காலத்தில் நம்மிடம் இருக்கத்தான் செய்தது. சென்னை லீக் ஆட்டங்களில் ஐ.சி.எஃப்., தெற்கு இரயில்வே, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகள் களமிறங்கின. பந்தாடத் தெரிந்தவனுக்கு வேலையும் கிடைத்தது. வேலையிலிருந்தவனுக்குப் பந்தும் கிடைத்தது. இந்தியன் வங்கி தேசிய லீக் வரை சென்று ஆடியது. அவ்வங்கி அணியின் முன்கள வீரராக ஒளிர்ந்த சபீர் பாஷா, இந்தியாவுக்காகவும் ஆடி, பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். ஒரு வேலை, ஒரு வித்தையை எத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது என்று பாருங்கள்!

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்து வருகிறது. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிஸான் ஆலை தொடங்கியது. இப்பெயர்கள் நமக்கு வேலைவாய்ப்பின் பெயர்கள். அவர்களுடைய தாய்நாடுகளிலோ இவை கால்பந்தின் பெயர்களும் ஆகும். கொரியாவில் ஹூண்டாய் மோட்டார் நிறுவனத்தின் ஜியோன்புக் அணி, 2006-லும் 2016-லும் ஆசிய வாகையர். ஜப்பானில் நிஸான் 1972-இல் தன் தொழிலாளருக்காகத் தொடங்கிய அணிதான் இன்றைய யோகோஹாமா எஃப் மரினோஸ். 1993 மே 15 அன்று ஜப்பானிய லீக்கின் முதல் ஆட்டத்தில் ஆடி வென்றதும் அதுவே.

அங்கே கல்லூரி ஆட்டக்காரனின் கதி என்ன? கவோரு மிதோமா என்ற இளைஞரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினெட்டு வயதில் தொழில்முறை அணி அழைத்தும், முதலில் படிப்பு என்று சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பந்தை நகர்த்திச் செல்லும் கலையையே ஆய்வுப் பொருளாக்கினார். பட்டம் பெற்றபின் கவாசாகி அணியில் சேர்ந்தார். அதுவும் 1955-இல் புஜித்சு நிறுவனத்தின் அலுவலக அணியாகப் பிறந்ததே. 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கெதிராக, எல்லைக்கோட்டில் மயிரிழையில் பந்தை மீட்டு உள்ளே அனுப்பி ஜப்பானின் வெற்றி கோலுக்கு வழி செய்தவர் அவர்தான். கல்லூரிப் பருவம் முடிந்தபோது அவருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. நம் பிள்ளைக்கு ஆலை வாசல் திறக்கிறது. மைதான வாசல் சாத்தப்படுகிறது. இரண்டும் ஒருங்கே திறக்கலாகாதா?

வேலை வேண்டாம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அந்தப் பையனின் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பமே காத்திருக்கிறது. நான் கேட்பது சிறியது. தொழிற்சாலைகள் பயிற்சியாளர்களைச் சேர்க்கையில் பத்துப் பேரையேனும் ஆட்டத் திறமை கண்டு சேர்க்கட்டும். தொழிற்பேட்டைக்குள் ஒரு மைதானமும், தொழிற்சாலைகளுக்கிடையே ஒரு லீக்கும் அமையட்டும். ஆட்ட நாளில் ஷிப்டு மாற்றிக் கொள்ள அனுமதி கிடைக்கட்டும். பெற்றோரே! "விளையாடியது போதும்" என்று சொல்லுமுன், பிள்ளை வாரத்தில் ஒரு மாலையாவது பந்தைத் தொடட்டும் என்று விட்டுவிடுங்கள். ரசிகர்களே! இருபது வயதுப் பையன் ஒருவன் பெனால்டியைத் தவறவிடும்போது, அது அவனுடைய கடைசி ஆட்டமாகவும் இருக்கலாம் என்பதை நினைத்து நாவைக் காத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வரி முதலில் எனக்கே உரியது.

என் மாணவன் இப்போது வேலையில் சேர்ந்துவிட்டான். வார விடுமுறை செவ்வாய்க்கிழமையாம். அன்று அஸருக்குப் பின் எங்கள் மதரஸாப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லித்தர வரும்படி கேட்டேன். "இரவு ஷிப்டு இல்லாத வாரங்களில் கட்டாயம் வருகிறேன் ஹஜ்ரத்; ஆனால் பூட்ஸ்தான் இல்லை" என்றான். புதிய பூட்ஸ் வாங்கித் தருவது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அன்று மைதானத்தில் கத்தியதற்கு அதுவே நான் செலுத்தும் அபராதம்.