புத்தகத்திற்குப் பூட்டு ஏன்?

நமது பழைய தஞ்சை ஜில்லாவில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் விசாரிப்பது நெல்லைப் பற்றித்தான். "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது? சம்பாவுக்குத் தண்ணீர் வந்ததா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் "இப்பொழுது என்ன புத்தகம் படிக்கிறீர்கள்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டு நான் அதிகமாய்க் கண்டதில்லை. படிக்கிறவர்களோ படித்த விஷயத்தை மனதிற்குள்ளும், படித்த புத்தகத்தை அலமாரிக்குள்ளும் வைத்துப் பூட்டிக் கொள்ளுகிறார்கள். பகுத்தறிவு பேசுகிற நமது தோழர்களும் இதற்கு விலக்கல்ல. இந்தப் பூட்டைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை எழுத உத்தேசிக்கிறேன்.

நான் ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த சொற்பமும் இரவல் புத்தகத்தால் வந்ததே. எங்கள் ஊரில் ஒரு தையற்காரர் இருந்தார். அவர் கடையில் நான் பொத்தான் தைக்கும் பையன். ஒரு நாள் அவர் தாம் பாதி படித்திருந்த ஒரு புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமாயிருக்கிறது. நீ படித்துப் பார்த்து உன் அபிப்பிராயத்தைச் சொல்" என்றார். அதுவரை என்னிடம் வேலை சொன்னவர்கள் உண்டு. அபிப்பிராயம் கேட்டவர்கள் ஒருவருமில்லை. அன்று இராத்திரி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனாலும் நானும் ஒரு மனிதன், எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கலாம் என்பது மாத்திரம் நன்றாய் விளங்கிற்று.

ஒருவர் இன்னொருவரிடம் ஒரு புத்தகத்தைச் சொல்லுவதால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாய்க் கேட்பவர்கள் கும்பகோணத்துச் சங்கதியைக் கேட்கட்டும். 1880-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதய்யர், அங்கே முன்சீப்பாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். ஐயருக்கு அப்பொழுது வயது 25. என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் பாடங்கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எல்லாவற்றையும் வரிசையாய்ச் சொன்னார். முதலியாருக்கு அது திருப்தியளிக்கவில்லை. இவைகளுக்கு முந்திய சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். இல்லையென்று ஐயர் ஒப்புக்கொண்டார். இதைத் தமது சரித்திரத்தில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். முதலியார் "படியும்" என்று உபதேசம் செய்ததோடு நிற்கவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையே கொடுத்துப் படிக்கச் செய்தார்.

அதன் பலன் என்ன? 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. ஐயரவர்களுடைய மதக்கொள்கை நமக்குச் சம்மதமில்லை. ஆனால் சிந்தாமணி ஜைன நூலாயிற்றே என்று சைவ மடத்தில் பாடங்கேட்ட அவர் ஒதுக்கிவிடவில்லை. சந்தேகம் வந்தபோது கும்பகோணத்து ஜைனர்கள் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த யோக்கியதையை நாம் ஏன் மறைக்க வேண்டும்? முதலியார் தமது பிரதியைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் இவ்வளவும் எப்பொழுது, யாரால் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பம்பாயிலும் இப்படி ஒன்று நடந்தது. 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரித்திரத்தைப் பரிசாய்க் கொடுத்தார். அந்தப் பையன்தான் டாக்டர் அம்பேத்கர். 1956-ல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் தழுவியதற்கு விதை அந்த இரவிலேயே அல்ல, அந்தப் புத்தகத்திலேயே இருந்தது.

நிற்க, இந்தப் பூட்டு நமக்கு எங்கிருந்து வந்தது? சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் விதித்தது. புத்தகமும் பெண்ணும் பணமும் பிறர் கைக்குப் போனால் போனதுதான் என்று ஒரு வடமொழிச் சுலோகம் வேறு இருக்கிறது. பெண்ணையும் புத்தகத்தையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டிய புத்தியைப் பாருங்கள்! போதாக்குறைக்கு வருஷத்தில் ஒரு நாள் புத்தகத்தை அடுக்கிச் சந்தனம் வைத்து, அன்றைக்கு அதைப் படிக்கக் கூடாது என்று சொல்லுகிறார்கள். படிக்காமல் கும்பிட்டதன் முடிவு என்னவாயிற்று? ஆடிப் பெருக்கில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்டதையும், நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டதையும் அதே சாமிநாதய்யர் எழுதி வைத்திருக்கிறார்.

வெள்ளைக்காரன் மாத்திரம் என்ன? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு ஊர் மாதா கோவிலில் அந்தச் சங்கிலிகளை இன்றும் பார்க்கலாம். ஆனால் அவன் சங்கிலியைக் காட்சிப்பொருளாக்கிவிட்டான். நாம் பூட்டை இன்னும் உபயோகத்தில் வைத்திருக்கிறோம்.

பூட்டை உடைக்க நம்மவர்களும் பாடுபடாமலில்லை. சீர்காழிப் பக்கத்தில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-ல் நூலகத்திற்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் இருப்பது உபயோகத்திற்கே என்பதுதான் முதல் விதியின் சாரம். அதே 1931-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, மன்னார்குடியைச் சேர்ந்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாய் அனுப்பினார். நெல்லும் வைக்கோலும் ஏறிய வண்டியில் புத்தகம் ஏறிற்று. படிக்கிறவன் வரட்டும் என்று காத்திராமல் புத்தகமே அவனைத் தேடிப் போயிற்று. பிறகு 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். கட்டுகிறவர்களில் எத்தனை பேர் நூலகத்தின் படியை மிதித்தோம் என்பதை அவரவர் மனச்சாட்சியிடமே விட்டுவிடுகிறேன்.

"கொடுத்தால் திரும்பி வராதே!" என்பார்கள். வாஸ்தவம். சில வராது. நானும் அதற்குப் பயந்தவன்தான். நாலு காசு கையில் வந்ததும் புத்தகம் வாங்கினேன், மரப்பெட்டியில் பூட்டினேன். ஒரு வாலிபன் கேட்டு வந்தபோது, "சொந்தமாய் வாங்கிப் படி" என்று சொல்லி அனுப்பினேன். பொத்தான் தைத்த பையனுக்கு ஒருவர் கொடுத்ததை அப்பொழுது மறந்தேன். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தது. ஓடு பறந்து, மழை முழுவதும் பெட்டியின்மேல் இறங்கிற்று. மூன்றாம் நாள் திறந்தபோது புத்தகங்கள் ஒரே கட்டியாய் இருந்தன. மிஞ்சியவை மூன்று. அவை என்னிடமிருந்து இரவல் வாங்கிப் போய், திருப்பிக் கொடுக்கவில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்தவர்களின் வீட்டில் இருந்தவை! அந்த வாலிபனை இன்றுவரை எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே தோழர்களே, நமக்குத் தெரிந்த வயல் வழக்கத்தையே இதற்கும் வைத்துக்கொள்ளுவோம். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். மேல்மடைக்காரன் அடைத்துக்கொண்டால் சண்டைக்குப் போகிறோம். புத்தகத்திற்கும் முறை வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு நூறு ரூபாயில் ஒவ்வொரு புத்தகம் வாங்கி மாதத்திற்கு ஒரு கை மாற்றினால், பத்து மாதத்தில் ஒவ்வொருவரும் நூறு ரூபாயில் ஆயிரம் ரூபாய்ப் புத்தகம் படித்தவராவார். படிக்கத் தெரியாதவருக்கு டீக்கடையிலும் சவரக்கடையிலும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெண்களையும் முறையில் சேருங்கள். வீட்டுக்கு ஒரு புத்தகம் என்றால் அது ஆண் பிள்ளைக்கு என்று அர்த்தமல்ல.

ஒன்று மாத்திரம் எச்சரிக்கை. "இதைப் படி, இதில் எல்லாம் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது புரோகிதன் பாஷை. முழுவதும் படித்து மகா பண்டிதரான பிறகுதான் சொல்லுவேன் என்றும் காத்திருக்காதீர்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே, எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் ஆசிரியர் தவறு என்று தோன்றுகிறது, எது விளங்கவில்லை என்று சொல்லிக் கொடுங்கள். நமக்கு விரோதமான கட்சிக்காரன் புத்தகமானாலும் கொடுங்கள். படித்துவிட்டு நம்மை எதிர்த்துக் கேட்டால் கேட்கட்டும். அதற்குப் பயந்தால் நமக்குப் பகுத்தறிவு என்ற பெயர் எதற்கு?

இந்தப் பத்திரிகையையும் படித்து முடித்ததும் மடித்து வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லும்வரை பொறுமையாய் இருங்கள்.